கொடை மேடையிலிருந்து நாடகக் கொட்டகைக்கு

1908 நவம்பர் 29ஆம் தேதி நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த அந்தப் பையனின் அப்பா பெயர் சுடலைமுத்துப் பிள்ளை, அம்மா பெயர் இசக்கியம்மாள். நாஞ்சில் நாட்டில் இந்த இரண்டு பெயர்களுக்கும் விளக்கம் தேவைப்படாது. ஊர் எல்லையிலும் ஆற்றங்கரையிலும் சுடுகாட்டு ஓரத்திலும் சுடலைமாடன் நிற்பார். வேம்படியில், குளத்தங்கரையில் இசக்கி இருப்பாள். இந்தத் தெய்வங்களின் கதையை மக்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. கொடை விழாவில் விடிய விடிய வில்லடித்துப் பாடுகிறவர்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த கிருஷ்ணன்தான் பின்னாளில் தமிழ்நாடு கலைவாணர் என்று கொண்டாடிய என்.எஸ்.கிருஷ்ணன்.

அவரைச் சிரிப்பு நடிகராக மட்டும் நினைவில் வைத்திருப்பது பெரிய குறை. அவர் பாடகர். படத்தில் தன் பாட்டைத் தானே பாடியவர். ஆனால் ராஜபார்ட் நடிகர்களுக்கு வாய்த்த உச்சஸ்தாயிக் குரல் அவருக்கு இல்லை. ராக ஆலாபனைக்காக அவரைத் தேடி யாரும் கொட்டகைக்கு வரவில்லை. அப்படியிருந்தும் அவர் வாயைத் திறந்தால் ஜனம் காது கொடுத்தது. அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நாஞ்சில் நாட்டுக் கொடை மேடையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள்தான் அம்மன் கோவில்களுக்கும் மாடன் கோவில்களுக்கும் கொடைக்காலம். பெரும்பாலும் செவ்வாயோ வெள்ளியோ முக்கிய நாளாக இருக்கும். கோவிலுக்கு எதிரே ஓலைப் பந்தல் போட்டு, சாமியைப் பார்த்தபடி வில்லுக்காரர்கள் உட்காருவார்கள். ஓர் ஆளின் உயரத்தை விட நீண்ட வில், அதில் வரிசையாகத் தொங்கும் மணிகள். வில்லின் நடு வளைவை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தலைமைப் பாடகரான அண்ணாவி இரண்டு கைகளிலும் வீசுகோல் பிடித்து நாணை அடிப்பார். கோலில் கோத்த வெண்டயம் சலசலக்கும். பக்கத்தில் உடுக்கு, தாளம், கட்டை. குடத்தின் வாயை ஒருவர் தட்டையான மட்டையால் அடிக்கும்போது வருகிற கனத்த ஒலி மற்ற எல்லா ஓசைக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

அண்ணாவிக்கு வலப்பக்கம் இருப்பவர்கள் வலம் பாடுகிறவர்கள், இடப்பக்கம் இருப்பவர்கள் இடம் பாடுகிறவர்கள். அண்ணாவி ஓர் அடியைப் பாடி நிறுத்துவார். பக்கப்பாட்டுக்காரர் கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார், 'ஆமா' போடுவார், குறுக்குக் கேள்வி கேட்பார். காப்பு, குருவடி, அவையடக்கம் என்று தொடங்கிக் கதைக்குள் போய் வாழி பாடி முடிப்பது முறை. நடுவில் பாட்டு வசனமாகும், வசனம் பேச்சாகும், பேச்சு மறுபடி பாட்டாகும். நள்ளிரவு தாண்டிப் பிள்ளைகள் தூங்கி விழும் நேரத்தில் அண்ணாவி ஊர் நடப்பைச் சொல்லி ஒரு சிரிப்பைக் கிளப்புவார். கூட்டம் நிமிர்ந்து உட்காரும். உடனே அவர் கதைக்குத் திரும்பித் தெய்வத்தின் சாவையோ கொலையையோ பாடுவார். வேகம் ஏற ஏறச் சாமியாடிக்கு அருள் வரும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்த மாவட்டத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூலுக்குப் பிறப்பையும் இறப்பையும் பாடுதல் என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். தெய்வம் எப்படிப் பிறந்தது, எப்படிச் செத்தது என்பதைப் பாடுகிற இடத்தில்தான் வில்லின் முழு பலமும் வெளிப்படும்.

சிரிப்புக்கும் சாவுக்கும் நடுவே ஒரு கூட்டத்தை இரவு முழுக்க இழுத்துப் பிடித்து வைக்கிற வித்தை அது. கிருஷ்ணன் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் படித்த முதல் பாடம் இந்த வில்லில் இருந்தது.

அதே நாகர்கோவிலில் அடுத்தடுத்த தெருக்களில் வேறொரு சங்கீதமும் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை இந்த நிலம் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. சுவாதித் திருநாள் காலத்திலிருந்தே அரண்மனையின் ஆதரவில் கர்நாடக இசை செழித்திருந்தது. வடிவீசுவரத்தில் 1839இல் பிறந்த நீலகண்ட சிவன், பத்மநாபபுரத்தில் அரசு வேலை பார்த்துக்கொண்டே நூற்றுக்கணக்கில் தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றினார். திருவனந்தபுரத்தில் வளர்ந்த பாபநாசம் சிவன் அவருடைய பக்திப் பாடல்களில் தோய்ந்துதான் பின்னாளில் பாட்டெழுத வந்தார். தியாகராஜ பாகவதர் பாடித் தமிழ்நாடே முணுமுணுத்த பாடல்களின் பின்னே வடிவீசுவரத்து அக்ரகாரத்தின் மூச்சும் கொஞ்சம் கலந்திருந்தது.

வில்லும் கீர்த்தனையும் ஒரே ஊரில் ஒலித்தாலும் ஒன்றையொன்று சந்திக்க வழியிருக்கவில்லை. கொடைப் பந்தலும் கோவில் மண்டபமும் தனித்தனி உலகங்கள். அங்கே பாடிக் கேட்ட சாதிகள் வேறு, இங்கே பாடிக் கேட்ட சாதிகள் வேறு. இந்த இரண்டையும் ஒரே மேடையில் கொண்டுவந்து நிறுத்தியவை நாடகக் கம்பெனிகள்.

அந்தக் கம்பெனிகளின் வரலாறு சங்கரதாஸ் சுவாமிகளிடமிருந்து தொடங்குகிறது. 1867இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். கோவலன், வள்ளி திருமணம், பவளக்கொடி என்று அவர் எழுதிய நாடகங்கள் இன்றும் தென் மாவட்டத் திருவிழா மேடைகளில் ஏறுகின்றன. பெரிய நடிகர்கள் கட்டுக்கடங்காமல் போனதால் அவர் சிறுவர்களை வைத்துப் பழக்க ஆரம்பித்தார். பாய்ஸ் கம்பெனி என்ற முறை இப்படி வேர்பிடித்தது. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதில் சேர்ந்தவர் டி.கே.சண்முகம். அந்தச் சிறுவனுக்காக ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் சுவாமிகள் எழுதி முடித்தார். இதைச் சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் நெகிழ்ச்சியோடு பதிவு செய்திருக்கிறார்.

பாய்ஸ் கம்பெனி என்றால் ஒரு பெரிய வீடு. பையன்கள் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கி அங்கேயே அடி வாங்கி வளர வேண்டும். வாத்தியார் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார், ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்துக் கொடுப்பார், வசனம் நெட்டுருப் போட வேண்டும். இரவில் நாடகம் நடந்தால் விடிய நேரமாகும். ஒலிபெருக்கி இல்லை. கடைசித் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்கும்படி பாட வேண்டும் என்பதால் எல்லோரும் உயர்ந்த சுருதியில் பாடப் பழகினார்கள். அதில்தான் ஆபத்தும் இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நேற்று வரை ஸ்திரீபார்ட்டில் தேனாகப் பாடிய பையனுக்கு இன்று கட்டைக்குரல் வந்துவிட்டால் அவனுடைய இடம் ஆட்டம் காணும். சிலர் ஆர்மோனியத்துக்குப் போனார்கள், சிலர் சீன் இழுக்கப் போனார்கள், சிலர் ஊருக்கே திரும்பினார்கள். அந்தத் திரும்பிப் போனவர்களின் பெயர்களை எந்த நாடக வரலாறும் எழுதி வைக்கவில்லை.

குரல் உடைந்த பிறகும் உச்சத்தில் நின்றவர் எஸ்.ஜி.கிட்டப்பா. அவருடைய செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததுதான். 1906இல் பிறந்தவர், சிறுவனாகவே மேடை ஏறி இலங்கை வரை போய்ப் பாடினார். கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளோடு அவர் பாடிய மேடைகளுக்குக் கூட்டம் அலைமோதியது. 1933 டிசம்பர் 2ஆம் தேதி இருபத்தேழு வயதில் அவர் இறந்தபோது நாடக இசையின் ஒரு காலகட்டமே முடிந்துவிட்டதாக ரசிகர்கள் அழுதார்கள். தமிழ் இசை நாடகத்தில் வெற்றி என்றால் அன்றைக்கு அதுதான் அளவுகோல்: கிட்டப்பாவைப் போலப் பாட வேண்டும்.

ஒழுகினசேரிக் கிருஷ்ணனால் அது முடியாது. அவர் கொட்டகைக்குள் முதலில் நுழைந்தது பாடுவதற்காக அல்ல. சோடாவும் தின்பண்டமும் விற்பதற்காக. வீட்டில் வறுமை. நாடகம் நடக்கும் இரவுகளில் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போன பையனுக்குக் காசு கொடுக்காமலேயே நாடகம் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கிறது, எந்தப் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்கிறது, எப்போது சலித்துப்போய்ச் சோடா கேட்கிறது என்பதெல்லாம் விற்கிற பையனுக்குத் தெரிகிற அளவுக்கு மேடையில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

1925 மார்ச் 31ஆம் தேதி திருவனந்தபுரத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பாலஷண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நான்கு சகோதரர்கள். தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளையும் பெண்வேடத்தில் பெயர் எடுத்த நடிகர். அந்த ஆண்டிலேயே கிருஷ்ணன் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். சிறுவயதிலேயே சேர்ந்த மற்றவர்களோடு பார்த்தால் அவருக்கு வயது அதிகம். பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தது. குரல் உடைகிற கண்டத்தைத் தாண்டிய பிறகு வந்தவர் என்பதால் இழக்க எதுவும் இல்லை.

யார் வராவிட்டாலும் அந்த வேடத்தைப் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்த நடிகர் அவர். ஆனால் நிலைத்தது நகைச்சுவையில். பபூன் வேடக்காரர் அன்றைய நாடகத்தில் கதைக்கு வெளியே நின்றவர். சீன் மாற்றும் நேரத்தில் திரைக்கு முன்னால் வந்து பாடி ஆடிக் கூட்டத்தைப் பிடித்து வைப்பது அவர் வேலை. மற்றவர்கள் இதைத் தாழ்வாக நினைத்த இடத்தில் கிருஷ்ணனுக்கு வில்லின் அண்ணாவி கைகொடுத்தார். பாடி நிறுத்துவது, பேசுவது, ஊர் நடப்பை இழுத்து வருவது, பக்கத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்க விடுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. அரசன் பாடும் ஆலாபனைக்கு நடுவே அவர் நாஞ்சில் நாட்டுப் பேச்சைக் கொண்டுவந்து வைத்தார்.

1931இல் அந்த வில்லே மேடைக்கு வந்துவிட்டது. வெ.சாமிநாத சர்மா எழுதிய பாணபுரத்து வீரனை டி.கே.எஸ். குழு தேசபக்தி என்ற பெயரில் நடத்தியது. அதில் காந்தி மகான் கதையைக் கிருஷ்ணன் வில்லுப்பாட்டாகப் பாடினார். இது எவ்வளவு பெரிய தாவல் என்பதைக் கொடை பார்த்தவர்கள் உணர்வார்கள். வில்லில் பாடப்படுகிறவர்களில் பலர் செத்துத் தெய்வமானவர்கள்: முத்துப்பட்டன், நீலி. காந்தியோ உயிரோடு இருக்கிறார், முந்தின ஆண்டுதான் உப்பெடுக்கத் தண்டிக்கு நடந்திருக்கிறார். வில்லின் கதைப்போக்கில் பிறப்பு உண்டு, வரம் உண்டு, போர் உண்டு, சாவும் வழிபாடும் உண்டு. சாவில்லாத கதையை வில்லில் பாடியபோது அருள் வாக்குக் கேட்க வேண்டிய இடத்தில் ஜனம் கைதட்டியது. கோவிலை விட்டுப் புறப்பட்ட வில்லுப்பாட்டின் பயணத்துக்கு இதையே முதல் பெரிய அடியாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கொத்தமங்கலம் சுப்பு, சாத்தூர் பிச்சைக்குட்டி என்று பலர் வில்லைப் பொது மேடைக்குக் கொண்டுபோனார்கள்.

படம் பேச ஆரம்பித்ததும் நாடகக் கம்பெனிகள் மொத்தமாகப் படத்துக்குள் போயின. டி.கே.எஸ். குழுவின் மேனகா 1935இல் திரைக்கு வந்தபோது கிருஷ்ணனும் அதில் இருந்தார். அடுத்த ஆண்டு சதிலீலாவதி. வசந்தசேனா படப்பிடிப்புக்காகப் புனே போன பயணத்தில் நடிகை டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்த பிறகு அந்தப் பக்கப்பாட்டு முழுமை அடைந்தது. கிருஷ்ணன் ஓர் அடி பாட, மதுரம் மடக்கிக் கேட்க, அவர் சமாளித்துப் பதில் பாட, வலமும் இடமும் ஆணும் பெண்ணுமாகிவிட்டன. தங்கள் நகைச்சுவைப் பகுதியைத் தாங்களே எழுதித் தாங்களே பாடிப் படத்தில் சேர்த்துக் கொடுக்கும் அளவுக்கு அவர்களுக்கு மதிப்பு ஏறியது. பாட்டுக்கு உடுமலை நாராயணகவி துணை நின்றார்.

இந்த ஏற்றத்தின் நடுவில்தான் அடி விழுந்தது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் அடுத்த மாதம் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. பாகவதரின் புகழ் அந்தச் சிறைவாசத்திலிருந்து மீளவில்லை. கிருஷ்ணன் மீண்டார். அவர் இல்லாத காலத்தில் மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் என்.எஸ்.கே. நாடக சபையைக் கட்டிக் காத்தார்கள். பைத்தியக்காரன் நாடகம் படமானது; வெளியே வந்த கிருஷ்ணனும் அதில் தலைகாட்டினார். அதே 1947இல் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் பட்டம் வழங்கினார்.

பாகவதரை விழுங்கிய காலம் கலைவாணரை ஏன் விட்டது? கூட்டம் பாகவதரிடம் கேட்டது ஒரு குரலை. கூட்டத்தின் ரசனை மாறியதும் அந்தக் குரலுக்கு இடமில்லாமல் போனது. கலைவாணரிடம் கேட்டது, அன்றைக்கு நடப்பதைப் பற்றிய ஒரு பாட்டை. நடப்பு மாற மாற அவருக்குப் புதிய பாட்டு கிடைத்துக்கொண்டே இருந்தது. ஊர்ச் செய்தியை நள்ளிரவில் பாட்டுக்குள் இழுத்து வருகிற அண்ணாவிக்கு எந்தக் காலமும் பழையதாவதில்லை.

அண்ணா எழுதிய நல்லதம்பி 1949இல் வந்தது. அதில் வரும் கிந்தனார் கதாகாலட்சேபம்தான் கலைவாணர் இசை நாடகத்துக்குக் கொடுத்தவற்றில் மிகப் பெரியது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் காலட்சேப மேடைகளில் பல பத்தாண்டுகளாகக் கண்ணீரோடு கேட்கப்பட்ட கதை. கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராகவே வேடமிட்டுப் படத்தில் பாடியிருந்தார். நந்தனுக்குத் தில்லை போக ஆசை. கலைவாணரின் கிந்தனுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை பட்டணம் போய்ப் படித்து உயர்கிற கதையைப் காலட்சேபம் செய்யும் பாகவதரின் உடையிலும் தோரணையிலும், சப்ளாக்கட்டையும் பக்கவாத்தியமும் வைத்து, இடையிடையே விளக்கம் சொல்லி அவர் நடத்தினார். அக்ரகாரத்துக் காலட்சேபத்தின் உருவத்துக்குள் வில்லின் உள்ளடக்கம் வந்து உட்கார்ந்தது. கொடைப் பந்தலில் தொடங்கிய ஒருவர் இதைச் செய்தது தற்செயல் ஆகாது என்றே தோன்றுகிறது. அதே படத்தில் வீட்டு வேலையெல்லாம் இயந்திரம் செய்யும் காலத்தைக் கனவு காணும் விஞ்ஞானப் பாட்டும் உண்டு. 1956இல் வந்த ராஜா ராணியில் சிரிப்பின் வகைகளையெல்லாம் குரலாலேயே செய்து காட்டிப் பாடினார். இன்று கேட்டாலும் அதில் எது பாட்டு, எது நடிப்பு என்று பிரிக்க முடியாது.

1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி கலைவாணர் மறைந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்து பத்து மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அவருக்கு ஒன்பது வயது இளையவர் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் 1918 மார்ச் 14ஆம் தேதி பிறந்த கே.வி.மகாதேவன். இவர் கீர்த்தனை ஒலித்த அந்த இன்னொரு தெருவின் பிள்ளை. தாத்தா ராம பாகவதர் திருவிதாங்கூர் அரண்மனை வித்துவான், தகப்பனார் வெங்கடாசல பாகவதரும் இசைக்காரர். பூதப்பாண்டி அருணாசலக் கவிராயரிடம் பாடம். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையும் படிப்பை விட்டு நாடகக் கம்பெனியில்தான் சேர்ந்தார், ஸ்திரீபார்ட் போட்டார், ஊர் ஊராக அலைந்தார். பிறகு சென்னைக்குப் போய் எஸ்.வி.வெங்கட்ராமன், டி.ஏ.கல்யாணம் போன்ற இசையமைப்பாளர்களிடம் உதவியாளராக உழைத்தார். 1942இல் மனோன்மணி படத்தில் இசையமைக்கும் வாய்ப்பு வந்தது. ஆனாலும் பெயர் நிலைக்க மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. டவுன் பஸ், முதலாளி, சம்பூர்ண ராமாயணம் ஆகியவை ஐம்பதுகளின் பிற்பாதியில் வந்தவை. அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியிருந்தது.

மெட்டுக்குப் பாட்டெழுதச் சொல்லாமல், எழுதி வந்த பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர் என்று அவரைக் கவிஞர்கள் கொண்டாடினார்கள். அது நாடகக் கம்பெனிப் பழக்கம். அங்கே வாத்தியார் எழுதிய சொல்லைக் கடைசி வரிசை வரை கொண்டுசேர்ப்பதுதான் பாட்டின் முதல் வேலை.

1965இல் வந்த திருவிளையாடலைக் கவனித்துப் பார்த்தால் ஒரு பழைய நாடகக் கொட்டகையே அதில் உட்கார்ந்திருப்பது தெரியும். ஔவையாராகக் கே.பி.சுந்தராம்பாள், கிட்டப்பா இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கணீர்க் குரலோடு. பாணபத்திரராக டி.ஆர்.மகாலிங்கம், கிட்டப்பாவின் பாணியைப் பின்பற்றிச் சிறுவயதிலேயே நாடகத்தில் பாடி வந்தவர். சிவாஜி கணேசனே பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். இவர்கள் எல்லோருக்கும் மெட்டுப் போட்டவர், தானும் ஒரு காலத்தில் ஸ்திரீபார்ட்டாக நின்ற கிருஷ்ணன்கோவில்காரர். ஹேமநாத பாகவதரின் கர்வத்துக்குப் பாலமுரளி கிருஷ்ணாவின் குரலையும், விறகு வெட்டியாக வந்த சிவனின் எளிமைக்கு டி.எம்.சௌந்தரராஜனின் குரலையும் எதிரெதிரே நிறுத்தினார். அரண்மனை வித்துவானின் பேரன் அந்தப் போட்டியில் விறகு வெட்டியின் பக்கம் நின்று இசையமைத்திருக்கிறார்.

1967ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் விருது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அந்த முதல் விருது கந்தன் கருணைக்காக மகாதேவனுக்குப் போனது. அடுத்த ஆண்டு தில்லானா மோகனாம்பாள் வந்தது. மூலக்கதையை எழுதியவர், வில்லைப் பொது மேடைக்குக் கொண்டுபோன அதே கொத்தமங்கலம் சுப்பு. அந்தப் படத்தில் மனோரமா ஏற்ற ஜில்ஜில் ரமாமணி, கம்பெனி நாடகக் கலைஞர் ஒருவர். பெரிய நாதஸ்வரத்துக்கு நடுவே ரமாமணியின் நாடகப் பாட்டுக்கும் மகாதேவன் குறைவைக்காமல் இசை கொடுத்திருக்கிறார். தெலுங்கில் வந்த சங்கராபரணம் அவருக்கு இரண்டாவது தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 2001 ஜூன் 21ஆம் தேதி மறைந்தார்.

நாஞ்சில் நாட்டிலிருந்து புறப்பட்டுப் போனவர்களின் கதை இது. போகாமல் இருந்தவர்கள்?

கலைவாணர் வில்லைச் சென்னைக்குக் கொண்டுபோனார். திருநெல்வேலிப் பக்கத்தில் சத்திரம்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகத்தைக் கண்டு அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டவரும் அவர்தான். சுப்பு ஆறுமுகம் வானொலியிலும் சபாக்களிலும் அயல்நாட்டு மேடைகளிலும் வில்லடித்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022 அக்டோபரில் காலமானார். கோவிலை விட்டு வந்த வில்லுக்குக் கிடைத்த மரியாதை இது. கோவிலடியிலேயே இருந்துவிட்ட வில்லுக்கு இது கிடைக்கவில்லை.

கொட்டாரத்தை அடுத்த சரவணந்தேரியைச் சேர்ந்த பூங்கனி சிறுமியாக இருக்கும்போதே வில்லுப்பாட்டுக்கு வந்தவர். பெரும்பாலும் ஆண்களே அண்ணாவியாக இருந்த மேடையில் வீசுகோல் பிடித்துத் தலைமை தாங்கினார். கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டக் கோவில்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடினார். விடிய விடியப் பாடும் கதைகளை மனப்பாடமாக வைத்திருந்தார். கணவர் தங்கபாண்டியன் அவர் குழுவில் குடம் அடித்தார். இந்தப் பாட்டில் அவருக்கிருந்த தேர்ச்சி எந்தச் சபா வித்துவானின் தேர்ச்சிக்கும் குறைந்ததில்லை. ஆனால் அவருக்கென்று இசைத்தட்டு வரவில்லை, வெளியூர் சபா அழைக்கவில்லை. முதுமையில் தனியாக, மாதாமாதம் வரும் முதியோர் ஓய்வூதியத்தை நம்பி வாழ்ந்தார். பத்திரிகைகளும் இளைஞர்கள் சிலரும் தேடி வந்து பேட்டி எடுத்தபோது அவர் பாடுவதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. 2018 நவம்பரில் இறந்தார்.

கலைவாணரும் மகாதேவனும் உயர்ந்ததற்கு அவர்களின் திறமை காரணம், சந்தேகமில்லை. கூடவே, ஒரு நாடகக் கம்பெனி அவர்கள் ஊருக்கு வந்தது. சோறு போட்டது, பாட்டுச் சொல்லிக் கொடுத்தது, பக்கத்துத் தெருவின் இசையைக் காதில் ஏற்றியது, கடைசியில் ரயிலேற்றி வெளியூருக்கு அனுப்பியது. பாய்ஸ் கம்பெனிகளில் பெண்வேடத்தையும் ஆண்பிள்ளைகளே போட்டார்கள். சரவணந்தேரிச் சிறுமிக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. பூங்கனி மேடையேறிய காலத்தில் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன.

இப்போதும் பங்குனி பிறந்ததும் தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டாரத்து வில்லுக் குழுக்களுக்கு இரவுத் தூக்கம் கிடையாது. பெண்கள் தலைமையேற்ற குழுக்கள் பல இருக்கின்றன. மைக்கும் ஸ்பீக்கரும் வந்துவிட்டன. ஒரு ராத்திரி ஓர் அம்மன் கோவிலில் பாடி முடித்து, வில்லைக் கழற்றி வேனில் ஏற்றி, மறுநாள் மதியக் கொடைக்கு அடுத்த ஊரில் போய் மறுபடி குடத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். வைகாசி முடிந்தால் அடுத்த பங்குனி வரை பலருக்கு வேறு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.